கொம்பு டீச்சரின் தாடை

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொம்பு டீச்சர் என்று பேர். பிள்ளைகள் வைத்தது. ஒன்றாம் வகுப்புக்கு நெடில் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு விரலைத் தலைமேல் நிறுத்தி, "ரெட்டைக் கொம்பு வந்தா இழுத்துப் படி" என்று ஆடிக் காட்டுவேன். ஒற்றைக் கொம்புக்கு ஒரு விரல், சட்டென்று முடித்துவிட வேண்டும். எழுத்துக்குப் பக்கத்தில் கால் வந்தால் என் காலை நீட்டுவேன். மற்ற டீச்சர்கள் அதே பேரை வேறு அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கொம்பு முளைத்திருந்தது உண்மைதானே.

முளைக்காமல் என்ன செய்யும்? என் வகுப்புப் பிள்ளைகள் அப்படிப் படிக்கும். அரையாண்டு முடிந்ததும் ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரும்பலகை ஓரமாக நிற்பேன். பலகையில் செடி, சேறு, கொடி, கோடு, விடு, வீடு என்று கலந்துகட்டி எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக எழுந்து மடமடவென்று படித்துவிட்டு உட்காரும். படிக்கும்போது ஒரு கண் பலகையில், ஒரு கண் என் முகத்தில். எவ்வளவு பாசம் பார், ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை டீச்சர் முகத்தைப் பார்க்குதுங்க என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். வீட்டில் போய்ச் சொல்லிக்கூடப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள்தான் இரண்டாம் வகுப்புக்குப் போனதும் கவிழ்ந்தன. வருஷா வருஷம் இதே கதை. வீடு என்று எழுதியிருந்தால் விடு என்று படிக்கும். மீதி என்பதை மிதி என்று படிக்கும். கேட்டால் திருதிருவென்று விழிக்கும்.

இரண்டாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கிறாள். எங்கள் எல்லாருக்கும் வயதில் இளையவள் என்பதால் சின்ன டீச்சர். தற்காலிக வேலை. வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியை, எங்கள் வாயில் பெரிய டீச்சர், சரி என்று சொன்னால்தான் அடுத்த வருஷம் அவளுக்கு வேலை. குரல் தொண்டையைத் தாண்டி வராது. பாடம் நடத்துகிறேன் என்று கடைசி பெஞ்சில் பிள்ளையோடு பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். அதைப் பார்த்தாலே எனக்கு எரியும். டீச்சர் என்றால் முன்னால் நிற்க வேண்டாமா?

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது, நாக்கு கூசாமல் சொன்னேன்.

"நான் குளிப்பாட்டி, தலைசீவி, பளபளன்னு அனுப்பி வைக்கிறேன். அங்க போனதும் சேத்துல புரட்டி எடுத்துடறாங்க. எனக்கு ஒரு சந்தேகம், இரண்டாம் வகுப்புல நடக்கிறது பாடமா, தாலாட்டா?"

ஐந்தாம் வகுப்பு சாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பாட்டு டீச்சர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். சின்ன டீச்சர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

அதோடு விட்டேனா? பெரிய டீச்சர் அறைக்கே போனேன்.

"அடுத்த வருஷம் அவங்க வேண்டாம் மேடம். நான் கட்டினதை எல்லாம் இடிச்சுத் தள்ளுறாங்க. பிள்ளைங்க பாழாப் போகுது."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தி பிழைப்பு இது. உங்க வாய்ச்சொல்லை மட்டும் வச்சு அனுப்ப முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு வகுப்பையும் ஒண்ணா உட்கார வைங்க. நான் வந்து படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அங்கேயே முடிவு பண்ணிடறேன்."

"தாராளமா வாங்க" என்றேன். எனக்கு என்ன பயம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கப் போய்க் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ஒன்றும் இல்லை, தசைதான் என்று சொல்லி, மோவாயைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி தடிமனான கழுத்துப்பட்டை ஒன்றை மாட்டிவிட்டார். தலையைக் குனியவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், வாய் சும்மா இருக்காது.

"நாய்க்குட்டி வாங்கலாம்னு ரொம்ப நாளா நினைச்சேன். பட்டை முதல்ல வந்து சேர்ந்துடுச்சு."

"வாயை மூடுங்க, வலிக்குது."

"மூடிட்டேன். குரைக்காம இருந்தா சரி."

மறுநாள் பட்டையோடு வகுப்புக்குப் போனேன். பலகையில் எழுதினேன். வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் பெஞ்சில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொண்ணு உண்டு, நான் வைத்த பேர் ஓட்டைப்பல். வகுப்பிலேயே கெட்டிக்காரி. எழுந்து நின்றாள். பலகையில் கோடு. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"கொடு" என்றாள்.

"கண்ணை எங்க வச்சிருக்க?"

"கோ... கொடு. கோடு?"

அடுத்தவன் வீடு என்பதை விடு என்றான். அதற்கடுத்தவள் செடியைச் சேடி ஆக்கினாள். ஞாயிறு முழுக்க ஆடிவிட்டு வந்திருக்குதுங்க என்று கத்தினேன். செவ்வாய்க்கிழமையும் அதே லட்சணம். காய்ச்சல் ஏதாவது ஊரில் சுற்றுகிறதா என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் வரப்போகிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

புதன்கிழமை ஓட்டைப்பல்லைக் கிட்டே கூப்பிட்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு? போன வாரம்கூட நல்லாத்தானே படிச்ச?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "நீங்கதான் தூக்கவே மாட்டேங்குறீங்க டீச்சர்."

"எதை?"

"தாடையை. கோடு வந்தா தூக்குவீங்க. கொடின்னா தூக்க மாட்டீங்க. இப்ப சும்மாவே நிக்கிறீங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் இருந்த பையன் தாடையை மேலே இழுத்து எனக்குச் செய்து காட்டினான். வகுப்பு முழுக்கச் செய்து காட்டியது. அத்தனை பேரும் ஒரே மாதிரி, வாயை இறுக்கி, புருவத்தைக் கொஞ்சம் ஏற்றி, மோவாயை மேலே தூக்கி. அது நான்தான். அச்சு அசலாக நான். பிள்ளைகள் கேலி செய்யவில்லை, எனக்கு மறந்துபோனதை நினைவுபடுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தார்கள்.

"சரி, உட்காருங்க, படம் வரைங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தோடு கண்ணாடி முன்னால் நின்றேன். வார்த்தையை மனசுக்குள் படித்தேன். தொடு. ஒன்றும் இல்லை. தோடு. தாடை ஏறியது. வேண்டுமென்றே அசையாமல் நின்று பார்த்தேன். மீதி. வலிக்க வலிக்க ஏறியது. அதைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "நான் இப்படித் தாடையைத் தூக்குவேனா?"

"எப்பவும் தூக்குவியே. என்னைத் திட்டுறப்போ 'வாங்க சாமீ'ன்னு இழுப்ப பார், அப்ப கூரையை இடிக்கும். ஏன்?"

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் தாடையைப் பத்தி உன்கிட்டயே சொல்ல எனக்கு என்ன, உயிர் மேல ஆசை இல்லையா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கையைக் கட்டிக்கொண்டதும் எல்லாம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். கை நிறுத்தியதைத் தாடை எடுத்துச் செய்திருக்கிறது. கொம்பையும் சுழியையும் காலையும் ஒரு பிள்ளையும் பார்த்துப் பழகவில்லை. என் முகத்தைப் பார்த்துப் படித்தன. பாசம் என்று நினைத்தேனே, அதை நினைத்தபோது உடம்பே கூசியது. என்னைத் தாண்டிப் போனதும் பார்க்க முகம் இல்லை. சின்ன டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள், எந்தப் பிள்ளைக்கும் அவள் முகம் தெரியாது. அவளிடம் போய்க் கெட்டுப்போகவில்லை. அவளிடம் போனபோதுதான் வெளியே தெரிந்திருக்கிறது. அதற்கு நான் அவள் பிழைப்பைக் கேட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையிலேயே சொல்லிவிடலாம் என்று பெரிய டீச்சர் அறை வாசல்வரை போனேன். அவர் நிமிர்ந்து, "என்ன?" என்றார்.

"சாக்பீஸ் தீர்ந்துடுச்சு மேடம்" என்றேன்.

கையில் ஒரு டப்பா சாக்பீஸ் கொடுத்தார். என் அலமாரியில் ஏற்கெனவே இரண்டு டப்பா இருந்தது.

வெள்ளிக்கிழமை. பெரிய ஹாலில் இரண்டு வகுப்பையும் உட்கார வைத்தோம். முன்னால் என் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அவள் பிள்ளைகள். அதற்குச் சற்று முன்னால் நான் கழிவறைக்குள் போய்க் கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பட்டை அழுக்காகிறது, புழுக்கமாக இருக்கிறது என்றெல்லாம் எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். பயந்துதான் கழற்றினேன். மானம் போய்விடும் என்கிற பயம்.

பெரிய டீச்சர் பலகையில் அவரே எழுதினார். நான் பலகை ஓரம் போய் நின்றேன். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, என் கால் அங்கே போய் நின்றது.

என் பிள்ளைகள் படித்தார்கள். என்ன படிப்பு. ஓட்டைப்பல் ஒரு மூச்சில் ஏழெட்டு வார்த்தையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், டீச்சருக்குச் சரியாகிவிட்டது என்கிற சந்தோஷம் அவளுக்கு. பெரிய டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சின்ன டீச்சர் ஹாலின் கடைசியில் ஒரு சின்ன பெஞ்சில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் இரண்டாம் வகுப்பு. முதல் இரண்டு பிள்ளைகள் தட்டுத் தடுமாறி, ஆனால் தப்பில்லாமல், எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். மூன்றாவதாக எழுந்தவன் போன வருஷம் என்னிடம் படித்த சுருட்டைமுடி. அவனுக்குக் கோட்டை என்ற வார்த்தை வந்தது.

"கொ..." என்று ஆரம்பித்து நின்றான். விரலைத் தூக்கிக் காற்றில் கொம்பை எழுதிப் பார்த்தான். அது சின்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தது போலிருக்கிறது. அப்புறம் கை அப்படியே நிற்க, கண் என்னிடம் வந்தது. ஒரு வருஷம் கழித்தும் அந்தக் கண்ணுக்கு என் மோவாய் எங்கே இருக்கும் என்று தெரிந்திருந்தது.

கழுத்தில் சுளீர் என்று வலித்தது. அதனால்தான் தாடை ஏறியது எனக்கே தெரிந்தது.

"கோட்டை" என்றான் அவன்.

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பார்த்தீங்களா, உங்களைப் பார்த்ததும் இவனுக்கும் வந்துடுச்சு."

கடைசி பெஞ்சிலிருந்து சின்ன டீச்சர் மெல்லச் சொன்னாள். "ஆமா மேடம். அவங்க இருந்தா இவங்க எல்லாரும் நல்லாத்தான் படிக்கிறாங்க. நானும் எவ்வளவோ பார்த்துட்டேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முடிவு சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் பேசாமல் நின்றிருந்தால் போதும், எல்லாம் நான் கேட்டபடியே நடந்திருக்கும்.

நான் பலகையை விட்டு நகர்ந்தேன். பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, ஹாலின் கடைசிக்குப் போய், சுவரோரம் நின்றுகொண்டேன்.

"மேடம், இப்ப என் வகுப்பை மறுபடி படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கு? அதான் படிச்சாச்சே."

"ஒரே ஒரு தடவை."

அவர் புதிதாக ஒரு வார்த்தை எழுதினார். பேய். ஓட்டைப்பல் எழுந்தாள். பலகை ஓரம் பார்த்தாள், அங்கே நான் இல்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவளோடு என் வகுப்பு முழுக்கத் திரும்பியது. ஒரு பிள்ளையின் முதுகுகூட எனக்குத் தெரியவில்லை, எல்லாம் முகம். நான் இரண்டு கையாலும் என் வாயையும் மோவாயையும் பொத்திக்கொண்டேன்.

"பலகையைப் பார்த்துப் படிங்கம்மா" என்றார் பெரிய டீச்சர்.

"பெய்" என்றாள் ஓட்டைப்பல். அவர் அடுத்து எழுதிய வார்த்தையும் தப்பு. அடுத்த பிள்ளையும் தப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, காற்றில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு, "ரெட்டைக் கொம்பு, பேய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரிய டீச்சர் அறையில் வைத்து இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்துப்பட்டை, கண்ணாடி, சாக்பீஸ் டப்பா வரைக்கும்.

"சரி. சின்ன டீச்சர் எங்கேயும் போகப் போறதில்லை. அடுத்த வருஷமும் இருக்கட்டும்" என்றார் பெரிய டீச்சர். "நீங்க உங்க பிள்ளைங்களை இன்னையிலிருந்து முதல்லேருந்து ஆரம்பிங்க, பின்னாடி நின்னு. இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துக்குத்தான் அசிங்கம்."

அப்பாடா, வெளியே தெரியாது. அப்படி நினைத்த அதே நேரம் சின்ன டீச்சர் வாயைத் திறந்தாள். அந்தக் குரல் தொண்டையைத் தாண்டி வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும்தானே டீச்சர் சொன்னீங்க?"

நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவள் அவளுடைய ஜன்னலோர இடத்தில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என் டப்பாவை எடுக்கவில்லை. மேஜை முனையில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். இரண்டாம் வகுப்புல பிள்ளைங்க படிக்காததுக்கு நான்தான் காரணம். என் தாடையைப் பார்த்துத்தான் இவ்வளவு நாள் படிச்சிருக்குதுங்க."

ஐந்தாம் வகுப்பு சார் விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டு டீச்சர், "ஆரம்பிச்சுட்டாங்கப்பா கொம்பு டீச்சர்" என்றாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தால் யாரையாவது கிண்டல் செய்வேன் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

"கிண்டல் இல்லை" என்றேன். "நான் சொல்லிக்கொடுக்கலை. முகத்தால காட்டிக் கொடுத்திருக்கேன்."

"கழுத்துச் சுளுக்கு மண்டைக்கு ஏறிடுச்சு போல" என்றார் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுபடி சிரிப்பு. சின்ன டீச்சரும் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் கை சாப்பாட்டில் அப்படியே நின்றிருந்தது.

எனக்கு எப்போதும் வருகிற குரல் அன்றைக்கு வரவில்லை.

"நான் பொய் சொன்னேன் சார். இவங்க வேலையை நல்லாத்தான் செய்றாங்க. என் தப்பைத் தூக்கி இவங்க தலையில போட்டேன். இவங்களை அனுப்பிடச் சொல்லிப் பெரிய டீச்சர்கிட்டயும் போய்க் கேட்டேன். அன்னிக்கு நீங்க எல்லாரும் சிரிச்சது பொய்க்குச் சிரிச்சது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சார் டப்பா மூடியை எடுத்து, எதையோ தேடுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

சின்ன டீச்சர் அழுதுகொண்டிருந்தாள். கையெல்லாம் சாப்பாடு, கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்குப் பாடம் நடத்தவே வராதுன்னு நானே நம்பிட்டேன் டீச்சர்" என்றாள். "வீட்டுல அவர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். துணிக்கடையில வேலை கேட்டு வச்சிருக்கேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"போகாதீங்க" என்றேன். மூன்று வருஷத்தில் அவளை நான் நேருக்கு நேர் நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் நின்றுகொண்டே இருந்தேன்.